நாற்பது வளைவுக்கு ஒரு வண்டி: வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜீப்பைப் பற்றித்தான். மஹிந்திராவின் தார், மாருதியின் ஜிப்ஸி, ஜிம்னி எல்லாமே நம் தெருவில் ஜீப்தான் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். பல வருஷம் காத்திருந்து எழுதியவர்களின் கடிதங்களை முதலில் எடுத்துக்கொண்டேன்.

அக்கா, எனக்கு 41 வயது. தேனியில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். காலேஜ் படிக்கும்போது போடிமெட்டு ஏறும் ஏலத்தோட்டத்து ஜீப்புகளைப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஒன்று வேண்டும் என்ற ஆசை. இப்போது கையில் எட்டு லட்சம் இருக்கிறது. மனைவி, 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். பழைய ஜிப்ஸி வாங்கலாமா, பழைய தாரா, இல்லை கடன் போட்டுப் புது ஜிம்னியா?

உங்களுக்குப் போடிமெட்டு ஜீப் என்றால் எனக்கு வால்பாறை ஜீப். அப்பா எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீஸர். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி அம்மாவுக்கு வலி கண்டது. எஸ்டேட் ஜீப்பில் பின்னால் மெத்தை போட்டு அம்மாவைப் படுக்க வைத்து, ஆழியாறுக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனார்கள். நான் முன் சீட்டில் அப்பா மடியில் உட்கார்ந்து வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். டிரைவர் மாமா பிரேக்கில் கால் வைத்ததே குறைவு, கியரிலேயே வண்டியைப் பிடித்து இறக்கினார். தம்பி பொள்ளாச்சியில் பிறந்தான். எனக்கென்று ஒரு ஜீப் வந்தது 2016-இல், என் 45-ஆவது வயதில்: 2007 மாடல் ஜிப்ஸி கிங். அதனால் உங்கள் ஆசையை நான் சின்னதாக நினைக்க மாட்டேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்றது அந்த 9, 6 என்ற இரண்டு எண்களில்தான். ஜிப்ஸியிலும் 2010-இல் வந்த முதல் தலைமுறைத் தாரிலும் பின்னால் இருப்பது எதிரெதிராகப் போட்ட பக்கவாட்டு பெஞ்ச். தோட்டத்துக்குள் நாலு கிலோமீட்டர் போக அது போதும். பிள்ளைகளை உட்கார வைத்துத் தேனியிலிருந்து மதுரைக்கு எண்பதில் போக அது இடமே இல்லை. பிரேக் பிடித்தால் குழந்தை பக்கவாட்டில் தூக்கி வீசப்படும். ஏர்பேக்கும் கிடையாது. நான் ஜிப்ஸியை உயிராக நினைப்பவள், இருந்தும் உங்களுக்கு ஜிப்ஸி வேண்டாம் என்றே சொல்கிறேன்.

முன்பக்கம் பார்த்த பின் சீட்டும் ஒவ்வொரு சீட்டுக்கும் பெல்ட்டும் உள்ள வண்டிதான் உங்களுக்கு. 2020 அக்டோபரில் வந்த இரண்டாம் தலைமுறைத் தார் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. 2023 ஜூனில் வந்த ஐந்து கதவு ஜிம்னி சரியாக நாலு பேர் வண்டி. ஆறு ஏர்பேக், நாலு சக்கர இழுவை, லோ கியர் மூன்றும் எல்லா மாடலிலும் உண்டு. அகலம் 1645 மில்லிமீட்டர்தான் என்பதால் உங்கள் பக்கத்து மலைப்பாதையில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் கிடைக்கும். பெட்டி வைக்கிற இடம் குறைவு. இன்ஜினும் 1.5 லிட்டர் பெட்ரோல், 105 குதிரைத்திறன், அவ்வளவுதான். முந்திக்கொண்டு ஓட ஆசைப்பட்டால் ஏமாற்றமாக இருக்கும். ஷோரூம் விலை அது வந்தபோதே பன்னிரண்டே முக்கால் லட்சத்தில் தொடங்கியது. கடை வைத்திருக்கிறவர் ஆசை வண்டிக்காக மாதத் தவணையைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். எட்டு லட்சத்தை இன்னும் ஒரு வருஷம் வளர விட்டு, ஒரே ஆள் ஓட்டிய ஜிம்னியைச் செகண்ட் ஹாண்டில் தேடுங்கள். இருபது வருஷம் பொறுத்திருக்கிறீர்கள், இன்னும் ஒரு தீபாவளி பொறுக்கலாம்.

தார்தான் பிடித்திருக்கிறது என்றால் கியர் கம்பிக்குப் பக்கத்தில் நாலு சக்கர இழுவைக்கான இரண்டாவது கம்பி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து பின் சக்கரம் மட்டும் இழுக்கிற தாரும் விற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், ஸ்டிக்கரை யாரும் ஒட்டிக்கொள்ளலாம்.

எந்த வண்டியானாலும் காலையில், இன்ஜின் சூடாகும் முன்னால் போய்ப் பாருங்கள். ஒரு பழைய பெட்ஷீட்டும் டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு போங்கள். நான் முதலில் பார்க்கப் போன ஜிப்ஸி வெளியே கண்ணாடி போல மின்னியது. பெட்ஷீட்டை விரித்து அடியில் படுத்துப் பார்த்தேன். சேஸிஸ் முழுக்கப் புதுத் தார்ப் பூச்சு, வாசனைகூடப் போகவில்லை. உள்ளே டிரைவர் காலடியில் ரப்பர் மேட்டைத் தூக்கினேன். தகரம் பழுப்பாகப் பொரிந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரை அழுத்தக்கூட இல்லை, சும்மா வைத்தேன். அப்பளத்தில் விரல் போன மாதிரி கீழே போய்விட்டது. ஓட்டை வழியாகத் தரையில் கிடந்த என் பெட்ஷீட்டின் பூ தெரிந்தது. விற்கிறவரிடம் ஒன்றும் சொல்லாமல் மேட்டைத் திரும்பப் போட்டுவிட்டு வந்தேன். அடுத்து பார்த்தது கீறலும் சொட்டையுமாக இருந்தது. ஆனால் அடியில் பழைய மண்தான் ஒட்டியிருந்தது, ஸ்பிரிங் பட்டை வைத்த இடங்களில் வெல்டிங் தழும்பே இல்லை. அதைத்தான் வாங்கினேன், இன்றைக்கும் அதில்தான் போகிறேன்.

நாலு சக்கர இழுவை வேலை செய்கிறதா என்று பார்க்க வண்டியைத் தார் ரோட்டிலிருந்து இறக்கி ஒரு மண் மைதானத்துக்குக் கொண்டுபோங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் மெல்ல வட்டம் அடியுங்கள். 2H-இல், அதாவது பின் சக்கரம் மட்டும் இழுக்கும்போது, இலகுவாகச் சுற்றும். 4H, அதாவது நாலு சக்கர இழுவை போட்டதும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இறுக்கம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் முன் சக்கரத்துக்குச் சக்தி போகவில்லை. பிறகு 4L, அதாவது நாலு சக்கர இழுவையோடு லோ கியர். கிளட்சை விட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். வண்டி தானாக, ஆள் நடக்கிற வேகத்தில் மேடு ஏற வேண்டும். ஏறும்போது அந்த இரண்டாவது கம்பி தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்தால், முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கிற டிரான்ஸ்பர் கேஸில் செலவு காத்திருக்கிறது. ஜிம்னியிலும் ஜிப்ஸியிலும் முன் சக்கரத்துக்கு உள்பக்கம் ஒரு உருண்டை தெரியும். அங்கே கிரீஸும் ஆயிலும் குழைந்து வழிந்திருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம், விலையில் கழித்துக் கேளுங்கள்.

நான் சேலம், வயது 26. 2021 மாடல் தார் டீசல் வாங்கிவிட்டேன். சம்பாதித்த முதல் பெரிய பொருள். நண்பர்கள் 33 இன்ச் டயர், வண்டியை உயர்த்துகிற லிஃப்ட் கிட், முன்னால் இரும்பு பம்பர், கூரையில் எல்இடி பார் என்று பட்டியல் போடுகிறார்கள். இரண்டு லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். எதிலிருந்து ஆரம்பிக்க?

தம்பி, முதலில் வாழ்த்துகள். ஆறு மாதம் எதையும் மாற்றாமல் ஓட்டுங்கள். கொல்லிமலையின் எழுபது வளைவும் ஏறுங்கள், ஏற்காட்டில் மழையில் இறங்குங்கள், ஊருக்குப் போய் வயலோரம் நிறுத்துங்கள். ஒரு சின்ன நோட்டில் ‘இது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்’ என்று உங்களுக்கே தோன்றியதை மட்டும் எழுதுங்கள். நான் அப்படி எழுதிய நோட்டில் ஆறு மாதத்தில் சேர்ந்தது நாலே வரி: சீட்டில் இடுப்பு வலிக்கிறது. மழையில் டயர் வழுக்குகிறது. ராத்திரியில் உள்ளே வெளிச்சம் இல்லை. பொருள்கள் உருண்டு சத்தம் போடுகின்றன. இரும்பு பம்பர் அந்த நாலில் இல்லை.

இப்போது உங்கள் நண்பர்கள் சொன்னதற்கு வருகிறேன். உங்கள் தாரில் இருப்பது 255/65 R18 அளவு என்றால் அதன் உயரமே 31 இன்ச் வருகிறது. 33 இன்ச் போட்டால் சுமார் ஆறு சதவீதம் கூடும். மீட்டரில் 100 காட்டும்போது நிஜமாக 106-இல் போவீர்கள். சக்கரத்தின் எடையும் கூடிப்போகும், பிரேக்கும் பால் ஜாயின்ட்டும் ஸ்டியரிங் ராடும் அந்த எடைக்குச் செய்தவை அல்ல. வளைவில் திருப்பும்போது உள்பக்கம் உரசும். உரசாமல் இருக்க லிஃப்ட் போடுவீர்கள், லிஃப்ட் போட்டால் முன் ஆக்ஸில் ஷாஃப்ட்டின் சாய்வு மாறி அதன் ரப்பர் பூட் கிழியும். ஒன்றை மாற்றப் போய் ஐந்தை மாற்றுவதில் முடியும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி பதிவு செய்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று இருக்கிறது. இரும்பு பம்பரை அகற்றும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. காரணம் நியாயமானது. மோதலில் நசுங்கி அடியை வாங்கிக்கொள்வதற்காகச் செய்த முன்பகுதியை அந்த இரும்பு நசுங்க விடாது. ஏர்பேக் திறக்கிற நேரமும் குழம்பிப்போகலாம். சாலையில் நடந்து போகிறவரை அது என்ன செய்யும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. எல்இடி பாரைச் சாலையில் எரியவிட்டால் எதிரே வருகிற டி.வி.எஸ் ஃபிஃப்டிக்காரருக்கு ரோடே தெரியாது. இந்த இரண்டும் வேண்டவே வேண்டாம்.

பிறகு இரண்டு லட்சத்தை என்ன செய்வது? பழைய டயர் தேய்ந்ததும் அதே அளவில் நல்ல ஆல்-டெரெய்ன் டயர் ஐந்து வாங்குங்கள், ஸ்டெப்னியும் சேர்த்து. நாலு மட்டும் வாங்குகிறவர்கள் ஸ்டெப்னி போடுகிற அன்று வருத்தப்படுவார்கள். டயர் சத்தம் கொஞ்சம் கூடும், மைலேஜ் கொஞ்சம் குறையும், பழகிவிடும். அடுத்து 12 வோல்ட் ஏர் கம்ப்ரஸரும், காற்றழுத்தம் பார்க்கிற நல்ல கேஜும், டியூப்லெஸ் பஞ்சர் கிட்டும். அதோடு இழுப்புக் கயிறும் அதை மாட்ட இரண்டு ஷேக்கிளும் வாங்கிவிடுங்கள். கயிற்றை வண்டியில் கம்பெனி கொடுத்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் இழுக்கிற உருண்டையில் மாட்டி இழுத்தால் அது பிய்த்துக்கொண்டு துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும், ஆள் உயிருக்கே ஆபத்து. முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான். வயரிங் வேலை செய்வதானால் கம்பெனி வயரைக் கத்தரித்து முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள். ரிலே, ஃபியூஸ், கப்ளர் மூன்றும் கேட்டு வாங்குங்கள். இதெல்லாம் போக மிச்சம் இருப்பதை டீசலுக்கு வையுங்கள் தம்பி. அந்தப் பணத்தில் நீங்கள் இமாச்சலத்து ஸ்பிதி வரை போய் வரலாம்.

கோவையிலிருந்து எழுதுகிறேன். மழையில் மேட்டுப்பாளையம்–குன்னூர் ரோட்டில் 4H போட்டு ஓட்டலாமா? பிடிப்பு கூடும் என்கிறார்கள்.

வேண்டாம். இந்த வண்டிகளில் 4H போட்டால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் சுற்ற வேண்டும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க முடியாமல் கியர்களுக்குள் முறுக்கு ஏறும், வண்டி நினைத்தபடி திரும்பாது. மழை ரோட்டுக்கு நல்ல டயர், குறைந்த வேகம், இறக்கத்தில் இரண்டாவது கியர் போதும்.

நான் நாகர்கோவிலில் நர்ஸ். வயது 33. சொந்தமாக ஒரு ஜிப்ஸி வாங்கிவிட்டேன். தனியாகப் போக வேண்டும், வண்டியிலேயே படுக்க வேண்டும். நீங்கள் உங்கள் வண்டியில் என்னவெல்லாம் செய்திருக்கிறீர்கள் அக்கா? பயமாக இருக்காதா?

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நான் செய்ததை அப்படியே சொல்கிறேன், எது உங்களுக்குத் தேவையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பின் பெஞ்சுகளை நான் கழற்றவில்லை. ஆர்.சி.யில் எத்தனை இருக்கை போட்டிருக்கிறதோ அத்தனை வண்டியில் இருக்க வேண்டும். இரண்டு பெஞ்சுக்கும் மேலே குறுக்காகப் படிகிற மாதிரி 12 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட்டில் மூன்று பலகை. கீல் வைத்து மடக்கலாம். செய்தது எங்கள் தெருத் தச்சர். வண்டியை வாசலில் நிறுத்தி, முதலில் சிமென்ட் மூட்டைக் காகிதத்தில் அளவு வெட்டி உள்ளே வைத்துப் பார்த்து, வீல் ஆர்ச்சுக்கு இடம் விட்டு, பிறகுதான் பலகையில் ரம்பத்தை வைத்தார். பகலில் மூன்றையும் மடக்கி ஒரு பக்கம் பெல்ட் போட்டுக் கட்டிவிடுவேன். ராத்திரியில் விரித்து, இடது முன் சீட்டை முன்னால் தள்ளிச் சாய்த்தால் கால் நீட்ட இடம் வரும். நான் ஐந்தடி இரண்டு அங்குலம், எனக்குச் சரியாக இருக்கிறது. மேலே இலவம்பஞ்சு மெத்தை. ஃபோம் மெத்தை மழைக்காலத்தில் ஈரம் வாங்கி நாறும், பஞ்சு மெத்தையைக் காலையில் பானெட்டில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

பலகைக்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் கூடை, 20 லிட்டர் தண்ணீர் கேன், கருவிப் பை. கனமானதெல்லாம் தரையோடு இருக்க வேண்டும், கூரையில் ஒரு பாய்கூட நான் ஏற்றுவதில்லை. ஜிப்ஸி ஆயிரம் கிலோவை ஒட்டிய வண்டி, அகலம் குறைவு, தலை கனத்தால் வளைவில் சாயும். தண்ணீர் கேன் தரைக் கொக்கியில் ராட்செட் பெல்ட்டால் கட்டியிருக்கும். பிரேக் பிடிக்கும்போது அந்த 20 கிலோ எங்கே பாயும் என்று யோசித்துப் பாருங்கள், கட்டாமல் வைக்க மனம் வராது.

ஜன்னலுக்குக் கொசுவலை தைத்து ஓரத்தில் சின்னச் சின்னக் காந்தம் வைத்திருக்கிறேன், தகரத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்பக்கம் மறைக்க அடர் நீலக் காடாத் துணி, நிறுத்தியபின் மட்டும் மாட்டுவேன். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டாதீர்கள், 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. டிரைவர் சீட்டுக்கு இடுப்புப் பக்கம் கூடுதல் திண்டு வைத்துத் தைத்தேன். ஜிப்ஸி வாங்கிய பிறகு செய்ததிலேயே மிக நல்ல செலவு அதுதான்.

தூங்கும்போது இன்ஜினை ஓடவிடவே கூடாது. உள்ளே அடுப்பு மூட்டக் கூடாது, குளிருக்குக் கரியும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு ஜன்னலையாவது இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள்.

பயமா? முதல் ராத்திரி இருந்தது. அதனால் வண்டியை எப்போதும் வெளியே போகிற பக்கம் முகம் வைத்தே நிறுத்துவேன். சாவி ஒரே இடத்தில் தொங்கும். ஆள் நடமாட்டம் உள்ள இடமாகத்தான் பார்ப்பேன், வெறிச்சோடிய அழகான இடத்தில் தங்கியதே இல்லை. இருபத்துநாலு மணி நேர பங்க்கில் மேனேஜரிடம் கேட்டுவிட்டு ஓரமாக நிறுத்தினால் கழிப்பறையும் வெளிச்சமும் கிடைக்கும். கிராமத்தில் என்றால் அங்கே ஒரு வீட்டில் அக்கா, அம்மா யாரிடமாவது பேசிவிட்டு அவர்கள் வாசலுக்கு எதிரில் நிறுத்துவேன். காலையில் பெரும்பாலும் அவர்களே காபியோடு வந்து கண்ணாடியைத் தட்டுவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் இடம் பார்த்துவிட வேண்டும், இருட்டிய பிறகு தேடினால் எந்த இடமும் சரியாகப் படாது. போகிற வழியை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்ஸி என்று ஈரோட்டில் ஒரு புரோக்கர் மலிவாகச் சொல்கிறார். பேப்பர் பின்னால் வரும், வண்டியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

பேப்பர் பின்னால் வருகிற வண்டியை நீங்களும் பின்னால் வாங்கிக்கொள்ளுங்கள். ஏலச் சீட்டு, வண்டியை விடுவித்த கடிதம், உங்கள் மாநிலத்தில் பதிவான ஆர்.சி. மூன்றையும் கையில் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ். சேஸிஸ் நம்பரின் மேல் வெள்ளைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டியென்றால் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும், அதுவும் ஐந்தைந்து வருஷத்துக்குத்தான். என் வண்டிக்கு 2022-இல் புதுப்பித்தேன். இன்ஸ்பெக்டர் லைட், டயர், ஹார்ன், பிரேக் எல்லாம் பார்த்தார். எதையும் மாற்றாததால் அரை மணி நேரத்தில் முடிந்தது.

ஐயா என்று எழுதவா, அம்மா என்று எழுதவா தெரியவில்லை. திருநெல்வேலியில் தாசில்தார் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன், வயது 63. வேலையில் இருந்தபோது டிபார்ட்மென்ட் ஜீப்பில் ஊர் ஊராகப் போனவன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்கி மனைவியோடு நாலு ஊர் பார்க்க ஆசை. ‘இந்த வயசுல உங்களுக்கு ஜீப் கேட்குதா’ என்கிறாள். பிள்ளைகளும் அவள் பக்கம்.

அம்மாதான் ஐயா. ஆசைக்கு 63 ஒரு வயதே இல்லை. ஆனால் உங்கள் வீட்டு அம்மா சொல்வதில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது: ‘நான் இதில் எப்படி ஏறுவேன்?’ ஜீப்பின் தரை உயரம் முழங்காலுக்கு ஒரு சோதனை. புடவையோடு ஏறுகிறவருக்கு இன்னும் கஷ்டம். அவரிடம் பேசும்போது வண்டியின் பெயரை எடுக்காமல் எந்தெந்த ஊர் போகலாம் என்று கேளுங்கள். பிறகு ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கேட்கும்போது அவரையும் கூட்டிப் போங்கள். ஐந்து நிமிஷ ஓட்டம் போதாது. முடிந்தால் அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, பாபநாசம் வரை போய் வாருங்கள். இடது சீட்டில் அவர், ஒரு ஃப்ளாஸ்க் காபி. அவர் நாலு தடவை ஏறி இறங்கட்டும். எங்கே கை வைத்துப் பிடிக்கிறார், எங்கே திணறுகிறார் என்று பாருங்கள்.

உங்களுக்கு என் யோசனை: பவர் ஸ்டியரிங், ஏ.சி., ஆட்டோமேட்டிக் கியர் மூன்றும் உள்ளதாகப் பாருங்கள். ஜிம்னியும் புதுத் தாரும் ஆட்டோமேட்டிக்கில் கிடைக்கின்றன. நீங்கள் ஓட்டிய டிபார்ட்மென்ட் ஜீப்பின் ஸ்டியரிங் பலம் இப்போது தோளுக்கு வேண்டாம். மாற்றம் என்று செய்வதானால் இரண்டே: கம்பெனியே கொடுக்கிற கால்படி, அவர் பக்கம் கதவுத் தூணில் உறுதியான கைப்பிடி. இந்த இரண்டையும் வண்டி டெலிவரி எடுக்கும் முன்னாலேயே போட்டுவிடுங்கள், அவர் முதல் தடவை ஏறும்போதே தயாராக இருக்கட்டும்.

மதுரையில் நாலு நண்பர்கள் சேர்ந்து ஜீப் வைத்திருக்கிறோம். ரோடே இல்லாத காட்டுப் பாதையில் ஓட்ட எங்கே போகலாம்?

காட்டுக்குள் போகாதீர்கள். சரணாலயத்திலும் காப்புக் காட்டிலும் அனுமதியில்லாமல் வண்டி விடுவது குற்றம், சரணாலயத்தைப் பற்றி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தெளிவாக இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நான் ஆனைமலையில் வளர்ந்தவள். யானை குட்டியோடு ஓடையைக் கடக்கிற இடத்தில் நாலு வண்டி உறுமிக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஓடையில் சக்கரம் உழுதால் அந்தத் தண்ணீரைக் கீழே ஒரு கிராமம் குடிக்கும்.

சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறுங்கள், 18 வளைவுக்கும் பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள், ஆசைக்கு மண் ரோடு மேலே கிடைக்கும். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டிப்பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். அங்கே உள்ளூர் ஜீப்பில் ஏறி, அந்த டிரைவர்கள் கல்லில் சக்கரத்தை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள், பெரிய பாடம் அது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். சேறும் பள்ளமும்தான் வேண்டும் என்றால், தெரிந்தவர் தோப்பில் கேட்டுவிட்டு ஓட்டுங்கள்.

மணலில் போகும்போது டயர் காற்றைக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். நிஜமாகவே வித்தியாசம் தெரியுமா? எவ்வளவு குறைப்பது? (தூத்துக்குடி வாசகர்)

உங்கள் மாவட்டத்தில்தான் நான் அதைக் கற்றுக்கொண்டேன். சாத்தான்குளம் பக்கம் தேரியை ஒட்டித் தோழி வீட்டுப் பனங்காடு. சிவப்பு மணல், மாவு மாதிரி. வண்டித் தடத்தில் 28 பி.எஸ்.ஐ. காற்றோடு போனேன், இருபது அடியில் மாட்டிக்கொண்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பின் சக்கரம் தன் இடத்திலேயே சுற்றிச் சுற்றி, ஆக்ஸில் மணலில் உட்கார்ந்துவிட்டது.

பனையிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர் அருவாப்பெட்டியோடு வந்து நின்றார். “முறுக்காதீய தாயி, மண்ணு உள்ள வாங்கும்” என்றார். நான் இன்ஜினை நிறுத்தினேன். நாலு சக்கரத்துக்கும் முன்னால் மணலைக் கையாலேயே வாரி, சக்கரத்துக்குச் சரிவாக வழி செய்தோம். பிறகு வால்வில் சாவி நுனியை வைத்து அழுத்திக் காற்றை இறக்கினேன். கேஜில் 16 வந்தபோது நிறுத்தினேன். டயர் மணலைத் தொடுகிற இடத்தைக் கையால் அளந்து பார்த்தேன். முதலில் ஒரு சாண்கூட இல்லை. இப்போது ஒன்றரைச் சாண் நீளத்துக்குப் படிந்திருந்தது. அதே எடை இப்போது கூடுதல் இடத்தில் பரவுவதால் சக்கரம் மணலைத் தோண்டாமல் மிதித்துப் போகிறது. பெரியவர் காய்ந்த பனை மட்டைகளைப் பின் சக்கரத்துக்கு முன்னால் வரிசையாகப் போட்டார். 4L, இரண்டாவது கியர், கிளட்சை மெல்ல விட்டேன். ஓலை நொறுங்குகிற சத்தம் கேட்டது, வண்டி எந்தத் திணறலும் இல்லாமல் எழுந்து வந்தது.

மெல்லிய மணலுக்கு 16 முதல் 18, ஜல்லி ரோட்டுக்கு 24 அளவில் வைத்துக்கொள்ளுங்கள். 16-க்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். குறைத்த காற்றோடு வேகம் எடுக்கக் கூடாது, சட்டென்று ஒடிக்கக் கூடாது, பிரேக்கை மிதித்து நிறுத்தாமல் தானாக நிற்க விடுங்கள். தார் ரோட்டைத் தொடும் முன்னால் திரும்பக் காற்று அடித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் டயரின் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும். என் கம்ப்ரஸர் ஒரு டயருக்கு ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்கிறது. அன்றைக்கு நாலுக்கும் அடித்து முடிக்கும் வரை பெரியவர் பனை நிழலில் உட்கார்ந்திருந்தார், எனக்கும் ஒரு பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார்.